ஹிட்ச்காக்: நீங்கள் எப்போது அலறுவீர்கள் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தவர்

தொடர் கொலையாளிப் படம் ஒன்றைப் பார்த்துட்டு வெளியே வர்றீங்க. இன்னும் படம் பார்க்காத நண்பர் உங்களிடம் முதலில் என்ன சொல்வார்? கதையைச் சொல்லிடாதே என்றுதான் சொல்வார். யார் கொலையாளி என்று முன்பே தெரிந்துவிட்டால் ‘ராட்சசன்’ மாதிரிப் படத்தில் பாதி சுவை போயிடும், இல்லையா?

ஸ்பாய்லர் என்ற சொல் இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. ஆனால் 60 ஆண்டுகளுக்கும் முன்பே, முடிவை வெளியே சொல்லக்கூடாது, படம் தொடங்கிய பிறகு யாரும் உள்ளே நுழையக்கூடாது என்று அடம்பிடித்த ஓர் இயக்குநர் இருந்தார். அவர் பெயர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்.

அவருடைய படங்களைப் பற்றி நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள். இங்கே நாம் பார்க்கப் போவது வேறொன்று. ரசிகர்கள் எப்படி நடந்துகொண்டார்கள், அதிலிருந்து அவர் என்ன கற்றுக்கொண்டார், அதற்கு யாரெல்லாம் விலை கொடுத்தார்கள் என்பதுதான்.

காய்கறிக் கடைக்காரரின் மகன்

ஹிட்ச்காக் 1899ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் தேதி லண்டனின் கிழக்குப் பக்கம் இருக்கும் லேட்டன்ஸ்டோனில் பிறந்தார். அப்பா வில்லியம் காய்கறியும் கோழியும் விற்கும் கடை வைத்திருந்தார். கத்தோலிக்கக் குடும்பம். பையனைக் கண்டிப்புக்குப் பெயர்போன யேசு சபைப் பள்ளியில் சேர்த்தார்கள்.

அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்த கதை ஒன்று உண்டு. சின்ன வயதில் ஏதோ குறும்பு செய்துவிட்டாராம். அப்பா ஒரு சீட்டை எழுதிக் கையில் கொடுத்துக் காவல் நிலையத்துக்கு அனுப்பினாராம். சீட்டைப் படித்த காவலர், பையனைச் சில நிமிடங்கள் அறையில் பூட்டி வைத்தாராம். எல்லா நேர்காணலிலும் இந்தக் கதை வந்துவிடும். ஒன்று மட்டும் நிச்சயம்: செய்யாத குற்றத்துக்காகக் காவல்துறைக்குப் பயந்து ஓடும் மனிதர்கள் அவர் படங்களில் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

1914இல் அப்பா இறந்தார். ஹிட்ச்காக் மின்கம்பி தயாரிக்கும் நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அதன் விளம்பரப் பிரிவில் படம் வரைந்தார். அப்போது பேசாப் படக் காலம். காட்சிகளுக்கு நடுவே வசனம் எழுதிய அட்டைகள் திரையில் வரும். அந்த அட்டைகளை வடிவமைக்கும் வேலைதான் லண்டன் இஸ்லிங்டன் ஸ்டூடியோவில் அவருக்குக் கிடைத்த முதல் சினிமா வேலை.

அங்கேதான் ஆல்மா ரெவில்லைச் சந்தித்தார். ஆல்மா அவரைவிட ஒரே ஒரு நாள் இளையவர். ஆனால் சினிமாவில் அவருக்கு முன்பே நுழைந்து படத்தொகுப்பு செய்துகொண்டிருந்தவர். 1926 டிசம்பரில் இருவரும் மணந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு ஹிட்ச்காக் படங்களின் முதல் ரசிகரும் முதல் விமர்சகரும் ஆல்மாதான்.

முதல் பாடம்: ரசிகர்கள் கையில் ஒரு தடியைக் கொடுப்பது

ஹிட்ச்காக்கின் பெயரை ஊரறியச் செய்த முதல் படமே தொடர் கொலையாளிப் படம்தான். 1927இல் திரைக்கு வந்த ‘தி லாட்ஜர்’.

1888இல் லண்டனின் கிழக்குப் பகுதியை நடுங்க வைத்த கொலைகள் ஞாபகம் இருக்கிறதா? பிடிபடாமலே போன அந்த ஆளுக்கு ஜாக் தி ரிப்பர் என்று பெயர் வந்தது. அதை அடிப்படையாக வைத்து மேரி பெல்லாக் லோண்டஸ் எழுதிய நாவல்தான் படத்தின் மூலம்.

கதை இதுதான். பனிமூட்டம் சூழ்ந்த லண்டனில் செவ்வாய்க்கிழமை தோறும் பொன்னிறக் கூந்தல் பெண்கள் கொல்லப்படுகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு வீட்டுக்கு வாடகைக்கு வருகிறான் மர்மமான இளைஞன். இரவில் வெளியே போகிறான். அறையில் ஓயாமல் நடக்கிறான். பேசாப் படத்தில் காலடிச் சத்தத்தை எப்படிக் காட்டுவது? ஹிட்ச்காக் கனமான கண்ணாடியில் தரை அமைத்து, கீழேயிருந்து படம்பிடித்தார். மேல்தளத்தில் அவன் நடப்பது நம் தலைக்கு மேலே தெரியும்.

வீட்டுக்காரப் பெண்மணிக்கு அவன் மேல் சந்தேகம் வருகிறது. அவர் மகளை விரும்பும் துப்பறிவாளருக்கோ பொறாமையும் சேர்ந்துகொள்கிறது. கடைசியில் ஒரு கும்பல் அவனைத் துரத்துகிறது. கையில் விலங்கோடு இரும்பு வேலியில் மாட்டித் தொங்கும் அவனை எல்லாரும் அடிக்கிறார்கள். அவனோ நிரபராதி.

இங்கேதான் சூட்சுமம். அதுவரை அவனைச் சந்தேகப்பட்டது அந்தக் கும்பல் மட்டுமல்ல. இருக்கையில் உட்கார்ந்திருந்த நீங்களும்தான்.

இன்னொரு வேடிக்கை. நாவல் வாசகரைக் கொண்டுபோகும் திசை வேறு. படத்தில் அந்த இளைஞன் நிரபராதியாக மாறியதற்கு ரசிகர்களே காரணம். கதாநாயகன் ஐவர் நொவெல்லோ அப்போது பெண்கள் கொண்டாடிய நட்சத்திரம். அவர் கொலையாளியாக நடித்தால் யாரும் ஏற்கமாட்டார்கள் என்று தயாரிப்புத் தரப்பு பயந்தது.

விநியோகஸ்தருக்கும் படம் பிடிக்கவில்லை. அலமாரியில் போட்டு வைத்தார். ஐவர் மாண்டகு என்ற இளைஞரை அழைத்து வந்து, வசன அட்டைகளைக் குறைத்து, சில காட்சிகளைச் சீர்படுத்திய பிறகே படம் வெளிவந்தது. வெளிவந்ததும் ஹிட்ச்காக் பிரிட்டனின் முக்கிய இயக்குநராகிவிட்டார்.

கோபம் வந்த நாள்

எல்லா முறையும் ரசிகர்களின் நாடித்துடிப்பு அவருக்குச் சரியாகப் பிடிபட்டது என்று சொல்ல முடியாது. 1936இல் வந்த ‘சபோடாஜ்’ படத்தில் ஒரு சிறுவன் கையில் பொட்டலத்தோடு லண்டன் வீதிகளில் போகிறான். உள்ளே வெடிகுண்டு இருப்பது அவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். வழியில் ஊர்வலத்தை வேடிக்கை பார்க்கிறான். பேருந்தில் ஏறுகிறான். பக்கத்தில் இருப்பவரின் நாய்க்குட்டியோடு விளையாடுகிறான். மணி ஓடுகிறது.

குண்டு வெடிக்கிறது. சிறுவன் இறந்துபோகிறான்.

பார்த்தவர்களுக்குக் கடுங்கோபம். அவ்வளவு நேரம் பதறவிட்ட பிறகு, அந்தப் பையனைக் காப்பாற்றியிருக்க வேண்டாமா? பின்னாளில் ஹிட்ச்காக்கே அதைத் தவறு என்று ஏற்றுக்கொண்டார்.

இதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடத்தைத்தான் இன்றும் திரைப்படப் பள்ளிகளில் சொல்லித் தருகிறார்கள். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால் சில விநாடி அதிர்ச்சிதான். இருப்பது முன்பே தெரிந்தால், மேசையைச் சுற்றி நடக்கும் சாதாரணப் பேச்சுகூட நம்மைப் பல நிமிடம் தவிக்க வைக்கும். முதலாவது அதிர்ச்சி, இரண்டாவது சஸ்பென்ஸ். ஆனால் அவ்வளவு தவித்த ரசிகருக்கு முடிவில் கொஞ்சம் நிம்மதி கொடுக்கணும். அதைக் கொடுக்காவிட்டால் கோபம் உங்கள் மேல் திரும்பும்.

வீட்டுக்குள் வந்த கொலையாளி

1939இல் ஹிட்ச்காக் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். அங்கே எடுத்த முதல் படமான ‘ரெபெக்கா’ சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்றது. சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கருக்கு அவர் பெயர் ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டது. ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை.

1943இல் மீண்டும் தொடர் கொலையாளிக் கதைக்கு வந்தார். ‘ஷேடோ ஆஃப் எ டவுட்’. இந்த முறை பனிமூட்டமும் இல்லை, இருட்டுச் சந்தும் இல்லை. கலிஃபோர்னியாவில் வெயிலடிக்கும் ஒரு சின்ன ஊர். எல்லாருக்கும் பிடித்த மாமா பரிசுகளோடு வீட்டுக்கு வருகிறார். பணக்கார விதவைகளைக் கொல்பவர் அவராக இருக்குமோ என்று துப்பறிவாளர்கள் வீடு தேடி வருகிறார்கள். உண்மையை முதலில் உணர்வது மாமாவை உயிராக நேசிக்கும் மருமகள்தான்.

கொலையாளி பார்க்கவே பயங்கரமாக இருப்பான் என்ற எண்ணத்தை ஹிட்ச்காக் இங்கே உடைத்தார். உங்களுக்கு அவரைப் பிடித்துப்போகும். அதுதான் பயமே.

1960: கதவு சாத்தப்பட்டது

அடுத்துத்தான் ‘சைக்கோ’.

1950களின் கடைசியில் ஹிட்ச்காக் உச்சத்தில் இருந்தார். பெரிய நட்சத்திரங்கள், வண்ணப்படங்கள். தொலைக்காட்சியிலும் வாரந்தோறும் அவர் முகம். அந்த நேரத்தில் ராபர்ட் பிளாக் எழுதிய சின்ன நாவல் ஒன்று அவர் கண்ணில் பட்டது. 1957இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிடிபட்ட எட் கீன் என்பவனின் குற்றங்களின் சாயல் அதில் இருந்தது.

பாரமவுண்ட் நிறுவனத்துக்குக் கதை பிடிக்கவில்லை. பணம் போட மறுத்தது. ஹிட்ச்காக் விடவில்லை. தன் சொந்தப் பணத்தைப் போட்டார். தன் தொலைக்காட்சித் தொடரின் குழுவையே பயன்படுத்தினார். கறுப்பு வெள்ளையில் எடுத்தார். மொத்தச் செலவு சுமார் 800,000 அமெரிக்க டாலர்தான். இயக்குநர் சம்பளத்துக்குப் பதிலாகப் படத்தில் 60 விழுக்காட்டுப் பங்கை வாங்கிக்கொண்டார்.

கதை எப்படிப் போகிறது? 40,000 டாலரைத் திருடிக்கொண்டு காரில் ஓடும் ஒரு பெண், மழை இரவில் ஆளில்லாத சிறு விடுதியில் தங்குகிறாள். அந்தப் பெண்ணாக நடித்தவர் ஜேனட் லீ, அன்றைய பெரிய நட்சத்திரம். படம் பாதியைத் தொடும் முன்பே குளியலறையில் அவள் கொல்லப்படுகிறாள்!

அந்த ஒரு காட்சியை எடுக்க ஒரு வாரம் ஆனது. திரையில் ஒரு நிமிடம்கூட ஓடாத தாக்குதலுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கோணங்கள். ரத்தமாகத் தெரிவது சாக்லெட் சிரப். அந்த இடத்தில் இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்கவில்லை. வயலின்கள் கிறீச்சிடும் அந்த இசையை எழுதிக்கொண்டு வந்து போட்டுக் காட்டினார். ஹிட்ச்காக் உடனே மனம் மாறினார். படம் முடிந்ததும் ஆல்மா பார்த்தார். இறந்து கிடக்கும் ஜேனட் லீயிடம் ஒரு சின்ன அசைவு. அதுவரை வேறு யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை. அதை வெட்டியெடுத்த பிறகே படம் வெளியே போனது.

சரி, கதவு ஏன் சாத்தப்பட்டது? அந்தக் காலத்தில் அமெரிக்கத் திரையரங்குகளில் நினைத்த நேரத்தில் உள்ளே போகலாம். பாதிப் படத்தில் நுழைந்து, அடுத்த காட்சியில் விட்ட இடம்வரை பார்த்துட்டு எழுந்து போவது சாதாரணம். ‘சைக்கோ’வுக்கு அப்படி வந்தால் என்ன ஆகும்? ஜேனட் லீயைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால் ஹிட்ச்காக் கடுமையான விதி போட்டார். படம் தொடங்கிய பிறகு யாருக்கும் அனுமதி இல்லை. திரையரங்க வாசல்களில் அவருடைய அட்டை உருவம் கைக்கடிகாரத்தைக் காட்டியபடி நின்றது. முடிவை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். விமர்சகர்களுக்குக்கூட முன்கூட்டியே படம் போட்டுக் காட்டவில்லை. பிரான்ஸில் க்ளூஸோ என்ற இயக்குநர் 1955இலேயே இப்படியொரு வேண்டுகோளைத் தன் படத்தில் வைத்திருந்தார். ஹிட்ச்காக் அதை அமெரிக்கா முழுக்க ஒரு திருவிழாவாக ஆக்கிவிட்டார்.

ஜூன் 16, 1960. நியூயார்க்கில் படம் வெளியானது. வாசலில் நீண்ட வரிசை. உள்ளே அலறல். பக்கத்து இருக்கைக்காரரை இறுக்கிப் பிடித்துக்கொண்டவர்கள், எழுந்து ஓடியவர்கள், சத்தமாகச் சிரித்துப் பயத்தை மறைத்தவர்கள்... திரையரங்குக்குள் நடந்ததே இன்னொரு படம் போல இருந்தது. விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். லண்டனில் ஒரு மூத்த விமர்சகர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். நியூயார்க் டைம்ஸ் விமர்சகரோ முதலில் பெரிதாகப் பாராட்டவில்லை. ஆண்டு முடிவில் அந்த ஆண்டின் சிறந்த படங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்!

படத்துக்குப் பிறகு ஷவரில் குளிக்கவே பயமாக இருந்தது என்று பலர் சொன்னார்கள். அவர்களில் ஜேனட் லீயும் ஒருவர். தன் மகள் குளிக்கவே மாட்டேன் என்கிறாள் என்று ஒரு தந்தை கடிதம் எழுதியதாகவும், அப்படியென்றால் அவளைச் சலவைக் கடைக்கு அனுப்புங்கள் என்று தான் பதில் போட்டதாகவும் ஹிட்ச்காக் சொல்லிச் சிரிப்பார்.

நீங்கள் யார் பக்கம்?

அலறல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு வரும் ஓர் அமைதியான காட்சியைக் கவனியுங்கள்.

கொலை நடந்துவிட்டது. விடுதியை நடத்தும் கூச்ச சுபாவமுள்ள இளைஞன் நார்மன் அறையைக் கழுவித் துடைக்கிறான். உடலைக் காரில் வைத்துச் சதுப்பு நிலத்துக்குள் தள்ளிவிடுகிறான். கார் மெல்ல மூழ்குகிறது. பாதியில் நின்றுவிடுகிறது. நார்மன் பதறுகிறான்.

அந்த விநாடியில் நீங்களும் பதறுவீர்கள். மூழ்கிடணும், மூழ்கிடணும் என்று மனசு அடித்துக்கொள்ளும். மறுபடி கார் இறங்கத் தொடங்கியதும் ஒரு பெருமூச்சு வரும்.

யோசித்துப் பாருங்கள். சில நிமிடங்களுக்கு முன்புதான் அந்தப் பெண்ணுக்காக அலறினீர்கள். இப்போது அவள் உடல் யாருக்கும் தெரியாமல் மறைய வேண்டும் என்று விரும்புகிறீர்கள். பிறகு ஒரு துப்பறிவாளர் அவளைத் தேடி வரும்போது, அவர் கேள்விகள் நார்மனைத் திணறடிக்க, நமக்கும் சேர்த்து வியர்க்கிறது. ஹிட்ச்காக்கின் திறமையை இந்த இடத்தில்தான் பார்க்க வேண்டும். கத்தியைக் காட்டி யாரும் பயமுறுத்திவிடலாம். பார்ப்பவரை மெல்ல மெல்ல எதிர்ப்பக்கம் நகர்த்துவது வேறு வித்தை. (மற்றதை நீங்களே பாருங்கள். முடிவை இங்கே சொல்லப்போவதில்லை!)

அதே ஆண்டு, இன்னொருவருக்கு நடந்தது

‘சைக்கோ’வுக்கு இரண்டு மாதம் முன்பு, லண்டனில் இன்னொரு தொடர் கொலையாளிப் படம் வந்தது. ‘பீப்பிங் டாம்’. இயக்கியவர் மைக்கேல் பவல். இளமையில் ஹிட்ச்காக்கின் பேசாப் படம் ஒன்றில் புகைப்படக் கலைஞராக வேலை பார்த்தவர். பிறகு பிரிட்டனின் பெருமைக்குரிய படங்களை எடுத்தவர்.

அவர் படத்தின் கொலையாளி கையில் கேமராவோடு திரிபவன். பெண்கள் சாகும் நேரத்து முகங்களைப் படம்பிடிப்பவன். அந்தக் கேமராவின் வழியாகவே நம்மையும் பார்க்க வைத்தார் பவல். விமர்சகர்கள் கொதித்தெழுந்தார்கள். அருவருப்பானது என்று கிழித்தார்கள். படம் சீக்கிரமே திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. பிரிட்டனில் பவலின் வாழ்க்கை கிட்டத்தட்ட முடிந்துபோனது. வேலை தேடி ஆஸ்திரேலியாவரை போய்ப் படமெடுத்தார். சுமார் 20 ஆண்டு கழித்து இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி போன்றவர்களின் முயற்சியால்தான் அது மறுபடி மதிக்கப்பட்டது.

இரண்டு படங்களும் கிட்டத்தட்ட ஒரே காரியத்தைச் செய்தன. ஒருவர் கோடீஸ்வரரானார். இன்னொருவர் ஓரங்கட்டப்பட்டார். பவல் ரசிகர்களை நேருக்கு நேர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். ஹிட்ச்காக் அதையே ஒரு விளையாட்டு மாதிரி செய்தார், வாசலிலேயே ஜோக் அடித்து உள்ளே அனுப்பினார். விமர்சகர்கள் முந்திக்கொண்டு தீர்ப்பு எழுதவும் விடவில்லை. முதல் சில நாள்களின் சத்தம் ஒரு கலைஞரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. ஒரு படத்தைப் பார்த்த வேகத்தில் நட்சத்திரம் போட்டுத் தீர்ப்பு எழுதும் நமக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது.

திரைக்குப் பின்னால்

ரசிகர்களின் பயத்தைக் கட்டுப்படுத்தியவர், படப்பிடிப்பிலும் எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்துக்கொள்ள விரும்பினார். அதற்குப் பெண்கள் விலை கொடுத்தார்கள்.

1963இல் வந்த ‘தி பேர்ட்ஸ்’ படத்தின் நாயகி டிப்பி ஹெட்ரன். மாடித்தளத்து அறையில் பறவைகள் தாக்கும் காட்சிக்கு இயந்திரப் பறவைகள் பயன்படுத்தப்படும் என்று அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் பல நாள்கள் உயிருள்ள பறவைகளையே அவர் மேல் வீசினார்கள். கடைசியில் அவர் சோர்ந்து விழுந்தார். ஹிட்ச்காக் தன்னிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டார் என்றும், மறுத்ததால் ஒப்பந்தத்தைக் காட்டித் தன் திரைவாழ்க்கையை முடக்கினார் என்றும் ஹெட்ரன் 2016இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அப்போது ஹிட்ச்காக் உயிரோடு இல்லை. அவரோடு வேலை செய்த வேறு சில நடிகைகள் தங்களுக்கு அப்படி நடக்கவில்லை என்றார்கள். ஆனாலும் ஹெட்ரனின் குற்றச்சாட்டை ஒதுக்கிவிட்டு இந்த வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

திரையில் பயந்து அலறும் பெண்ணைப் பார்க்கும்போது, அந்தப் பயம் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு நிஜம் என்ற கேள்வி இப்போது கூடவே வருகிறது.

மறுபடியும் லண்டன்

ஹிட்ச்காக் தன் ஊருக்குத் திரும்பி எடுத்த ‘ஃப்ரென்ஸி’ 1972இல், அவருடைய 72ஆம் வயதில் வெளிவந்தது. கழுத்துப்பட்டையால் பெண்களை நெரித்துக் கொல்லும் ஒருவன். தவறான ஆளைத் துரத்தும் காவல்துறை. கதை நடப்பது கோவென்ட் கார்டன் காய்கறிச் சந்தையில்! காய்கறிக் கடைக்காரரின் மகன் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார்.

முதல் கொலையை முழுதாகக் காட்டினார். பார்க்கவே சகிக்காது. இவ்வளவு தேவையா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. அடுத்த முறை கொலையாளி ஒரு பெண்ணோடு தன் அறைக்குள் போகிறான். கதவு மூடுகிறது. கேமராவோ உள்ளே போகாமல் மெல்லப் படிகளில் பின்வாங்கி, வாசலைத் தாண்டி, சந்தை இரைச்சலுக்குள் வந்து நிற்கிறது. உள்ளே நடப்பது வீதியில் யாருக்கும் கேட்காது. நமக்கு மட்டும் தெரியும். திரையில் எதுவுமே இல்லாத அந்தக் காட்சிதான் பலருக்கு மறக்கவே மறக்காது.

1979இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் அவருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது வழங்கியது. மேடையில் நான்கு பேருக்கு நன்றி சொல்ல விரும்புவதாகத் தொடங்கினார்: ஒரு படத்தொகுப்பாளர், ஒரு திரைக்கதையாசிரியர், தன் மகளின் தாய், அற்புதமாகச் சமைக்கும் ஒருவர். நான்கு பேரும் ஆல்மாதான். 1980 புத்தாண்டில் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டில் காலமானார். வயது 80.

அந்த ஆண்டு முடிவதற்குள் தமிழிலும் அவர் நிழல் விழுந்தது. பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’யில் ‘சைக்கோ’வின் தாக்கம் தெளிவாகத் தெரியும்.

அடுத்த படத்துக்குப் போகும் முன்

தொடர் கொலையாளிப் படங்கள் இனியும் வரும். நீங்களும் பார்ப்பீர்கள். பயப்படுவதில் தப்பே இல்லை, அதற்குத்தானே நுழைவுச்சீட்டு வாங்குகிறோம்!

ஆனால் ஒன்று செய்து பாருங்கள். படம் முடிந்ததும், எந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டீர்கள், யாருக்காகப் பிடித்துக்கொண்டீர்கள் என்று யோசியுங்கள். கொலையாளியின் பெயர் நிச்சயம் ஞாபகம் இருக்கும். இறந்தவர்களில் எத்தனை பேரின் பெயர் ஞாபகம் இருக்கிறது? ‘சைக்கோ’வில் கொல்லப்படும் பெண்ணின் பெயர் மேரியன். கிட்டத்தட்ட பாதிப் படம் நம்மோடு பயணம் செய்கிறாள். திருடிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவள் முடிவெடுத்த இரவில்தான் அது நடக்கிறது.